சுவான்சோ போகப் போகிறேன்: தமிழ்க் கல்வெட்டு, பழைய கோயில்கள், விளக்குத் திருவிழா பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்

ஹட்டன் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி சீனாவில் சியாமென் நகரத்தில் படிக்கிறான். அங்கிருந்து சுவான்சோ என்ற பழைய துறைமுக ஊருக்கு வேக ரயிலில் அரை மணி நேரம்தானாம், வா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். 700 வருஷத்துக்கு முந்தியே அந்த ஊரில் தமிழர்கள் சிவன் கோயில் வைத்திருந்தார்கள், தமிழில் கல்வெட்டும் வெட்டினார்கள் என்று படித்ததிலிருந்து அந்த ஊர் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

என் பிள்ளைகளுக்குக் கடல் கடந்த தமிழன் என்றால் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வழியிலேயே பல பேர் செத்து, கோப்பித் தோட்டத்துக்கு வந்தவன்தான் தெரியும். அது எங்கள் கதை, அதைச் சொல்லாமல் ஒரு நாளும் விட மாட்டேன். ஆனால் கப்பலில் மிளகு ஏற்றிக்கொண்டு சீனா வரை போய்க் கோயில் கட்டிக் குடியிருந்த தமிழனையும் அவர்கள் பார்க்க வேண்டும் என்று ஆசை. படம் எடுத்து வந்து வகுப்பில் காட்டலாம் என்று இருக்கிறேன்.

ஒரு சில நாள்தான் அங்கே தங்க முடியும். எதை விடாமல் பார்க்க வேண்டும், கல்வெட்டில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது, எப்போது போவது நல்லது? மாசியில் அவர்களுடைய விளக்குத் திருவிழா வருகிறதாம், அதற்கு லீவு போட வேண்டும். ஏப்ரல் என்றால் பாடசாலை விடுமுறையிலேயே போய் வந்துவிடலாம். போனவர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊவாக்காரன்

தங்கச்சி, நான் வேலை விஷயமாக அந்தப் பக்கம் போய் வருகிற ஆள். சுவான்சோவுக்குப் பக்கத்திலேயே சின்ஜியாங் என்ற ஊர், சப்பாத்து பெக்டரிகள் நிறைந்த இடம், வேலை முடிந்ததும் எனக்குக் கால் தானாகச் சுவான்சோ பழைய நகரத்துக்குத்தான் போகும். முதலில் ஒன்று, குவாங்சோ வேறு சுவான்சோ வேறு, டிக்கெட் எடுக்கும்போது பார்த்து எடுங்கள்.

முதல் நாள் காலையிலேயே கைய்யுவான் கோயில். 686இல் தொடங்கிய பௌத்தக் கோயில் அது. முசுக்கட்டைத் தோட்டமாக இருந்த நிலம், அதன் சொந்தக்காரர் பிக்குவிடம் ‘இந்த மரங்களில் தாமரை பூத்தால் நிலத்தைத் தருகிறேன்’ என்றாராம், பூத்துவிட்டதாம், இன்றைக்கும் அங்கே ஒரு கிழட்டு முசுக்கட்டை மரத்தை வேலி போட்டுக் காப்பாற்றுகிறார்கள். முன்னால் இரண்டு பக்கமும் கல்லால் கட்டிய இரண்டு கோபுரங்கள், ஒன்று 48 மீட்டர், மற்றது 44 மீட்டர் உயரம், இரண்டும் 13ஆம் நூற்றாண்டில் கட்டியவை, 1604இல் வந்த பெரிய பூகம்பத்துக்கே அசையவில்லை. மேற்குக் கோபுரத்தில் கையில் வாளோடு ஒரு குரங்கு வீரன் சிற்பம் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

ஆனால் நீங்கள் போகிற காரியம் பின்பக்கத்தில் இருக்கிறது. பெரிய மண்டபத்தைச் சுற்றிப் பின்னால் போனால் 16 பட்டையுள்ள இரண்டு கருங்கல் தூண்கள் நிற்கும். முன்வாசலில் சாம்பிராணிக் குச்சி கொளுத்திவிட்டுத் திரும்பிப் போகிற ஆட்கள் அந்தப் பக்கம் வருவதே குறைவு. அந்தத் தூண்களில் வட்டம் வட்டமாகச் செதுக்கிய கதைகளைப் பார்த்தால் உங்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இரணியனின் வயிற்றைக் கிழிக்கிற நரசிம்மர் இருக்கிறார், உரலில் கட்டப்பட்ட கண்ணன் இரண்டு மரங்களை முறிக்கிறான். மண்டபத்தின் அடிப்பீடத்திலும் சிங்க உருவங்கள் வரிசையாக ஓடும், அவையும் எங்கள் கோயில் ஒன்றிலிருந்து வந்த கற்கள்தான். அந்த இந்துக் கோயில் இடிந்த பிறகு, பின்னால் வந்த மிங் அரச வம்சத்தின் காலத்தில் இந்தப் பௌத்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்தபோது அவற்றை எடுத்து இங்கே வைத்துக் கட்டிவிட்டார்கள்.

அதே வளாகத்தில் ஒரு பழைய கப்பலும் இருக்கிறது, அதையும் விடாதீர்கள். 1974இல் கடற்கரைச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தது, 13ஆம் நூற்றாண்டுக் கப்பல், மிஞ்சியிருக்கிற உடம்பே 24 மீட்டர் நீளம். உள்ளே 13 அறைகளாகத் தடுத்திருக்கிறார்கள், ஒரு அறையில் தண்ணீர் புகுந்தாலும் கப்பல் முழுதும் மூழ்காது. அதற்குள் கிடைத்த சரக்கு வாசனைக் கட்டைகளும் மிளகும். பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல படம் கிடைக்காது.

மத்தியானத்துக்கு மேல் கடல்வழிப் போக்குவரத்து நூதனசாலை. லிங்கத்துக்கு யானை பூவைத்துக் கும்பிடுகிற கல் அங்கேதான் இருக்கிறது, திருவானைக்காக் கதை தெரிந்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும். பிறகு நடந்து போகிற தூரத்தில் 1009இல் கட்டிய பள்ளிவாசல், தொழுகை மண்டபத்துக்குக் கூரை இல்லை, வெறும் கல் சுவரும் அரபு எழுத்தும் வானமும்தான். அதற்குப் பக்கத்திலேயே, தெய்வமாகக் கும்பிடப்படும் பழைய போர்த்தலைவன் குவான் யூவின் கோயிலில் எந்நேரமும் சாம்பிராணிப் புகை. மேற்குத் தெருவில் சாப்பிடலாம், நூல் மாதிரி மெல்லிய நூடுல்ஸைக் கஞ்சிப் பதத்தில் காய்ச்சிக் காலையில் விற்பார்கள், நல்லது. மச்சம் மாமிசம் சாப்பிடாதவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எதிலும் சிப்பியோ பன்றியோ இருக்கும்.

மாத்தளை மைந்தன்

சோழர்கள் சீனாவரைக்கும் பிடித்துக் கட்டிய கோயில் இது! நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இல்லை. டீச்சர் கட்டாயம் போய்ப் படம் எடுத்து வாருங்கள்.

கம்பளை வாசகர்

மாத்தளைத் தம்பிக்கு, உங்கள் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பிள்ளைகளிடம் போகப் போகிற விஷயம் என்பதால் சரியாகச் சொல்லிவிடுவோம். சோழர்கள் சீனாவைப் பிடிக்கவில்லை. ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது, 1033இலும் 1077இலும் இன்னும் தூதர்கள் போனார்கள், அவ்வளவுதான் அரச உறவு. கல்வெட்டு வெட்டிய 1281இல் சோழ அரசே முடிந்து போயிருந்தது. கோயில் வைத்தது வியாபாரத்துக்குப் போய்க் குடியிருந்த சமூகம்.

டீச்சர் கேட்ட கல்வெட்டு 1956இல் கிடைத்தது. சக ஆண்டு 1203 (அதாவது 1281), சித்திரை மாதம் சித்திரை நட்சத்திரம் என்று நாளைக் குறித்துவிட்டு, செகசை கான் திருமேனிக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத் திருக்கதலீசுவரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தவர் சம்பந்தப் பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்திகள் என்றும், கானுடைய பர்மான்படி, அதாவது அரச ஆணைப்படி, அதைச் செய்தார் என்றும் சொல்கிறது. அடியில் சீன எழுத்துகளும் இருக்கின்றன. செகசை கான் என்பது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசன் குப்லாய் கான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். அதற்கு ஐந்தாறு வருஷம் முந்தித்தான் சுவான்சோ மங்கோலியர் கைக்குப் போனது, அங்கே துறைமுக வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த பு ஷோகெங் என்ற முஸ்லிம் அதிகாரி அதுவரை ஆண்ட சொங் அரசை விட்டு அவர்கள் பக்கம் சாய்ந்தார். ஆட்சி மாறியிருக்கிறது, புது அரசன் எப்படிப்பட்டவன் என்று யாருக்கும் தெரியாது. அப்போது பிற ஊரில் வாழ்கிற ஒரு சிறிய சமூகம் அரசனிடம் அனுமதி வாங்கி, அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதி, தன் சாமியை நிறுத்துகிறது. பிரஜாவுரிமைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று தெரிந்த மலையகத்துக்கு அந்தக் கல் இன்னும் நன்றாகப் புரியும் என்று நினைக்கிறேன். டீச்சர், மன்னார் வழியே நடந்து வந்தவனையும் மிளகு ஏற்றிப் போனவனையும் தராசில் வைக்காதீர்கள். கப்பலில் வியாபாரியோடு பாய் இழுத்தவனும் மூட்டை தூக்கியவனும் போயிருப்பான், அவன் பெயர் கல்லில் இல்லை.

அந்தச் சிற்பங்களை நம் ஆட்கள் மட்டும் செய்யவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கல் உள்ளூர்க் கல், உளி பிடித்ததும் பெரும்பாலும் உள்ளூர்ச் சீனத் தச்சர்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கதை நம்முடையது, கை அவர்களுடையது. எனக்கு அதுதான் அந்தக் கற்களின் பெரிய அழகு.

பிறகு ஏன் எல்லாம் அழிந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1357இலிருந்து 1366 வரை அந்த ஊரில் பெரிய கலகம், அதை அடக்கியபோது வெளிநாட்டுச் சமூகங்கள் சிதறின, அதற்குப் பிறகு மிங் அரசு கடல் வியாபாரத்துக்கே தடை போட்டது. கோயில் கற்கள் மதில் கட்டவும் வீடு கட்டவும் போய்விட்டன. கடந்த நூற்றாண்டில் நகர மதிலை இடித்தபோது அவை திரும்ப வெளியே வர ஆரம்பித்தன. அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தவர் வு வென்லியாங், அவரும் உங்களைப்போல ஒரு பாடசாலை ஆசிரியர்தான், அதுவும் உயிரியல் ஆசிரியர்.

எங்கள் பக்கத்துத் தொடர்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொரோக்கோப் பயணி இபின் பதூதா 1344இல் இலங்கைக்கு வந்து சிவனொளிபாத மலை ஏறினார், பின்னால் அவர் சீனாவில் இறங்கிய துறைமுகம் இதே சுவான்சோ, அரபியர் அதை ஸைத்தூன் என்பார்கள், உலகத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று என்று எழுதி வைத்தார். ஹட்டனிலிருந்து மலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்த ஆளைத் தெரியாமல் இருக்கக் கூடாது. அடுத்தது மிங் அரசின் கடற்படைத் தளபதி செங் ஹெ கொண்டு வந்த மும்மொழிக் கல்வெட்டு. 1409 என்று தேதியிட்டது, 1911இல் காலியில் கிடைத்தது, இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனவரைக் கோயில் தெய்வமான தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்குமாகக் காணிக்கைகளை எழுதியிருக்கிறார்கள். சீனா போகும் முன்பே கொழும்பில் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். அதே செங் ஹெயோடு சண்டை போட்டு 1411இல் சீனாவுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட அழகக்கோனார் எங்கள் கம்பளை அரசோடு சேர்ந்த குடும்பத்துக்காரர். இன்னும் ஒன்று, 15ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து போய்ச் சுவான்சோவிலேயே தங்கிவிட்ட ஒரு இளவரசரின் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம் அந்த ஊரில் இருக்கிறது, ஷி என்று குடும்பப் பெயர்.

தலவாக்கலை டீ மேக்கர்

யாரும் தேயிலையைச் சொல்லவில்லையே! மலையகத்து ஆள் சுவான்சோ வரை போய் ஆன்சி பார்க்காமல் வருவது நியாயமில்லை. ஆன்சி சுவான்சோ நகராட்சிக்குள்ளேயே வருகிற மலைப் பகுதி, தியெகுவான்யின் என்ற ஊலாங் தேயிலை அங்கேதான் விளைகிறது, 2022இல் உலக உணவு விவசாய நிறுவனம் அதை உலகப் பாரம்பரிய விவசாய முறைகளில் ஒன்றாகச் சேர்த்தது.

நாங்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பழகியவர்கள். அங்கே ஊலாங்குக்கு மொட்டு விரிந்து முற்றுகிற பருவத்தில் மூன்று நான்கு இலையோடு எடுக்கிறார்கள், எங்கள் தோட்டத்தில் அப்படிக் கொழுந்து எடுத்தால் கணக்கப்பிள்ளை கூடையைத் திருப்பிவிடுவார். வெயிலில் கொஞ்சம் வாட்டி, மூங்கில் தட்டிலோ உருளையிலோ போட்டுக் குலுக்கி, இலையின் ஓரம் மட்டும் நசுங்கிச் சிவக்கிற அளவுக்கு விட்டு, அப்புறம் சூட்டில் போட்டு நிறுத்திவிடுவார்கள். பிறகு துணியில் மூட்டையாகக் கட்டி உருட்டி உருட்டிக் குண்டுமணி அளவுக்குச் சுருட்டுவார்கள். எங்கள் தேயிலை ஸ்டோரில் ரோலரில் அரைத்துப் பரப்பி முழுக்கச் சிவக்கவிடுகிறோம், அவர்கள் பாதியில் நிறுத்துகிறார்கள், ருசி முழுதும் அந்த நிறுத்துகிற நேரத்தில் இருக்கிறது. எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதை மூக்கை வைத்தே முடிவு பண்ணுகிறார்கள், எனக்கு அதைக் கேட்டாலே மரியாதை வருகிறது.

1824இல் பேராதனைத் தோட்டத்துக்குச் சீனாவிலிருந்து தேயிலைச் செடி வந்தது, 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தோட்டமாக நட்டார், இது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் அந்தச் செடி வந்த நாட்டில் கொழுந்து எடுக்கிறவர் தன் சொந்தத் துண்டு மலையில் எடுக்கிறார், தானே வாட்டுகிறார், தானே விற்கிறார், ஆன்சியில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. டீச்சர் அதைப் படம் எடுத்து வந்து காட்ட வேண்டும். இருநூறு வருஷம் தோட்டத்து லய அறைகளில் இருந்தும் ஒரு பேர்ச் காணிக்கு அலைகிற பிள்ளைகளுக்கு அது தேவை.

வசந்தக் கொழுந்து ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை. அதனால் என் வாக்கு ஏப்ரல் விடுமுறைக்கு, முடிந்தால் அதன் கடைசிப் பக்கத்துக்கு.

நுவரெலியா மலர்

டீமேக்கர் அண்ணா சொல்வது சரி, ஆனால் நான் மாசிக்குத்தான் வாக்குப் போடுவேன். கல் தூண்கள் எந்த மாதமும் நிற்கும், விளக்கு ஒரு இரவுதான்.

நான் அங்கே மொழி படித்த காலத்தில் பார்த்த விழா அது. சீனப் புத்தாண்டிலிருந்து 15ஆம் நாள், அதாவது முதல் பௌர்ணமி. நம் கணக்குக்குத் தைப்பூசத்தையோ மாசி மகத்தையோ ஒட்டி வரும், பௌர்ணமிப் போயா லீவோடு சேரும், அதனால் டீச்சருக்கு லீவு ரொம்பக் குறையாது. ஒரு சங்கடம், மாசி மகத்தோடு வந்தால் மாத்தளை முத்துமாரியம்மன் தேரை அந்த வருஷம் விட வேண்டிவரும்.

பழைய நகரத் தெருக்கள் முழுதும் விளக்குத் தொங்கும். அந்த ஊர் விளக்கில் ஒரு வகைக்கு மூங்கில் சட்டமோ கம்பியோ கிடையாது, நுணுக்கமாக வெட்டிய காகிதத் துண்டுகளை ஒட்டியே உருவம் நிற்க வைப்பார்கள், உள்ளே வெளிச்சம் வந்ததும் வெட்டிய கோடெல்லாம் எரிகிற மாதிரி தெரியும். எள்ளும் கச்சானும் சீனியும் வைத்து அரிசிமாவில் உருட்டிய உருண்டையைச் சுடுதண்ணீரில் வேகவைத்துக் கிண்ணத்தில் தருவார்கள், சில கடையில் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள். இடையில் புத்தாண்டின் 9ஆம் நாள் வானத்து அரசருக்குப் பிறந்தநாள், ஃபுஜியன் ஆட்களுக்குப் புத்தாண்டைவிடப் பெரிது என்றே சொல்லலாம், நள்ளிரவில் மேசை போட்டுப் படைப்பார்கள், முழுக் கரும்பும் வைப்பார்கள்.

நான்யின் கேட்காமல் வராதீர்கள். அந்த ஊர்ச் சங்கீதம், யுனெஸ்கோ 2009இல் பட்டியலில் சேர்த்தது. வீணைபோல மடியில் குறுக்காக வைத்து மீட்டுகிற பிபா, நேராகப் பிடிக்கிற குழல், கையில் தாளக்கட்டையோடு நடுவில் உட்கார்ந்து பாடுகிறவர், அவசரமே இல்லாத பாட்டு. கூட்டத்துக்கு நடுவிலும் வயதானவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள். கயிற்றுப் பொம்மலாட்டமும் அப்படித்தான், ஒரு பொம்மைக்கு 16 கயிறு, சிலதுக்கு 30 வரை, பொம்மை வாளை உறையிலிருந்து உருவித் திரும்ப உறையில் போடும். அது முதலில் சாமிக்காக ஆடுகிற ஆட்டம், சனம் பார்ப்பது பிறகுதான். காமன் கூத்து ஆடுகிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் சட்டென்று புரியும்.

வீடியோவில் எல்லாம் வருகிற சுன்பு ஊரும் பக்கத்தில்தான், மீன்பிடிப் பெண்கள் கொண்டையைச் சுற்றிப் பூ வளையம் வைக்கிற ஊர், பழைய வீடுகளின் சுவரில் பெரிய பெரிய சிப்பி ஓடுகளைப் பதித்திருப்பார்கள். இப்போது சுற்றுலாக்காரர் எல்லாரும் காசு கொடுத்துப் பூ வைத்துப் படம் எடுக்கிறார்கள், தெருவில் நடக்க இடமில்லை. காலையில் ஏழு மணிக்கே போனால் ஊர்ப் பெண்கள் அதே பூவோடு சந்தையில் மீன் விற்பதைப் பார்க்கலாம், அதுதான் பார்க்க வேண்டியது.

ஹட்டன் டீச்சர்

எல்லாருக்கும் மனம் நிறைந்த நன்றி. கம்பளை ஐயா எழுதியதை இரண்டு மூன்று தரம் வாசித்தேன், தராசில் வைக்காதே என்றது நெஞ்சில் தைத்தது. பாடத்தை அந்தக் கல்வெட்டிலிருந்தே தொடங்கப் போகிறேன்.

மாசிக்கே போவதாக முடிவு. அதிபரிடம் கேட்டுவிட்டேன், போயாவோடு சேர்த்து எடுக்கச் சொன்னார். டீ மேக்கர் அண்ணா கோபிக்க வேண்டாம், குளிரில் கொழுந்து இல்லாவிட்டாலும் ஆன்சிக்கு ஒரு நாள் ஒதுக்குகிறேன். இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். பழைய பாலங்கள் இருக்கின்றன என்று தம்பி சொன்னான், நேரம் ஒதுக்கலாமா? நகரத்துக்கு வெளியே வேறு ஏதாவது?

ஊவாக்காரன்

லுவோயாங் பாலத்துக்கு ஒரு அரை நாள் கொடுங்கள். 1053இல் தொடங்கி 1059இல் முடித்தது, காய் சியாங் என்ற அதிகாரி நின்று கட்டியது. கடல் வாயில் அலையடிக்கிற இடத்தில் அத்திவாரம் நிற்கவில்லை என்று கற்களின் மேல் சிப்பிகளை வளர்த்தார்கள், அவை ஒட்டிப் படர்ந்து கல்லோடு கல்லை இறுக்கிவிட்டன. தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துப் போனால் அடியில் தெரியும். ஆன்பிங் பாலம் இதைவிட நீளம், இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 1151இல் முடிந்தது, ஆனால் தூரம், நேரமிருந்தால் மட்டும்.

வெளியே என்றால் சிங்யுவான் மலை. ஐந்தரை மீட்டருக்கு மேல் உயரத்தில் ஒரே பாறையில் செதுக்கிய தாவோ சமய ஞானி லாவோசு உட்கார்ந்திருக்கிறார், சொங் காலத்தது, காது நீண்டு தாடி பறக்கிற மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். சின்ஜியாங் பக்கம் சாவோஆன் என்று, பாரசீகத்துப் பக்கம் தோன்றிய மானி சமயத்துக் கோயில் ஒன்று, 1339இல் பாறையில் செதுக்கிய மானியின் உருவம். அந்தச் சமயமே உலகத்தில் இல்லை, உருவத்தை மட்டும் ஊர்ச் சனம் புத்தர் என்று கும்பிட்டே காப்பாற்றிவிட்டார்கள். நம் அம்மன் கதையும் அதுதான், சிதியன் என்ற கிராமத்துச் சின்னக் கோயிலில் நான்கு கையோடு இருக்கிற பழைய இந்துத் தெய்வத்துக்குச் சீனப் பௌத்தரின் கருணைத் தெய்வமான குவான்யின் என்று பூசை நடக்கிறது. 2021இல் யுனெஸ்கோ சுவான்சோவின் 22 இடங்களை உலக மரபுரிமையாக அறிவித்தபோது பாலம், பள்ளிவாசல், கைய்யுவான், சாவோஆன் எல்லாம் சேர்ந்தே வந்தன.

விழா நாளுக்கு மேற்குத் தெருப் பக்கம் அறை கிடைக்காது, இப்போதே தம்பியிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள், வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எடுக்கிற இடமா என்று கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள், சின்ன விடுதிகள் சில வாசலில் வைத்துத் திருப்பிவிடும். கைபேசியில் அலிபே என்ற பணம் கட்டும் செயலி மாதிரி ஒன்று இல்லாமல் தேத்தண்ணி வாங்குவதே கஷ்டம், கொழும்பில் இருக்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள். மாசியில் அங்கே நுவரெலியாக் குளிர் இருக்கும், மழையும் தூறும், ஸ்வெட்டரும் குடையும் பையில் இருக்கட்டும்.